பத்து லட்ச ரூபாயில் நெடுந்தூர மின்கார்: கார் நிறுவனங்களை எந்த வழியில் கொண்டுவருவது?

இந்தியச் சந்தையில் மின்கார்கள் இரண்டு கூட்டங்களாகப் பிரிந்து நிற்கின்றன. ஒருபுறம் டாடா டியாகோ, எம்ஜி காமெட் போன்ற சிறிய கார்கள். 2022 செப்டம்பரில் டியாகோ மின்கார் அறிமுகமானபோது அதன் தொடக்க விலை 8.49 லட்ச ரூபாய். அந்த விலைக்குக் கிடைத்த பேட்டரி 19.2 கிலோவாட் மணி, அதாவது 19.2 யூனிட் மின்சாரம் கொள்வது. ஒருமுறை சார்ஜ் செய்தால் ஓடும் என்று சொல்லப்பட்ட தூரம் 250 கிலோமீட்டர். மறுபுறம் ஹூண்டாய் கிரெட்டா, மஹிந்திரா பிஇ 6 போன்ற பெரிய கார்கள். 2025 ஜனவரியில் வந்த, ஸ்ரீபெரும்புதூரில் உற்பத்தியாகும் கிரெட்டா மின்காரின் பெரிய பேட்டரி 51.4 கிலோவாட் மணி. சொல்லப்பட்ட தூரம் 473 கிலோமீட்டர். ஆனால் அந்தக் காரின் சிறிய பேட்டரி வகைக்கே அறிமுக விலை 17.99 லட்சம். பிஇ 6 காரின் விலை 18.90 லட்சத்தில் தொடங்கியது. குறைந்த விலையும் நெடுந்தூரமும் ஒரே காரில் சேர்வதில்லை.

சோதனைச்சாலையில் அளக்கப்படும் தூரத்தில் முக்கால் பங்கோ அதற்கும் குறைவோதான் சாலையில் கிடைக்கிறது. சென்னையிலிருந்து புறப்படும் ஒரு சிறிய மின்கார், ஏசி போட்டுக்கொண்டு நெடுஞ்சாலை வேகத்தில் சென்றால், விழுப்புரத்தை ஒட்டியே சார்ஜரைத் தேட வேண்டியிருக்கும். இரண்டு கார் உள்ள வீட்டில் இது குறையாகத் தெரியாது. ஆனால் பத்து லட்ச ரூபாய்க்குக் கார் வாங்கும் குடும்பங்களில் பெரும்பாலானவற்றுக்கு அதுவே ஒரே கார். அலுவலகத்துக்கும் பள்ளிக்கும் போவது, பொங்கலுக்குச் சொந்த ஊர் போவது, வயதானவர்களை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வது, குலதெய்வக் கோயிலுக்குப் போய் வருவது ஆகிய எல்லாவற்றுக்கும் அந்த ஒரு வண்டிதான். ஆண்டில் பத்து நாள் மட்டுமே தேவைப்படும் நெடும்பயணம்தான் மற்ற முந்நூற்றைம்பது நாளுக்கான வண்டியையும் தீர்மானிக்கிறது. ஆகவே இந்தக் கட்டுரை எடுத்துக்கொள்ளும் அளவுகோல் இதுதான்: பத்து முதல் பன்னிரண்டு லட்ச ரூபாய் விலையில், ஏசியுடன், நெடுஞ்சாலையில் உண்மையாகவே 300 கிலோமீட்டர் ஓடக்கூடிய கார். சென்னையிலிருந்து திருச்சிக்கு ஏறக்குறைய அவ்வளவு தூரம்.

அத்தகைய காரைத் தயாரிக்கும்படி நிறுவனங்களைத் தூண்ட அரசிடம் பல வழிகள் இருக்கின்றன. அவற்றில் சிலவற்றை இந்தியா ஏற்கெனவே முயன்றிருக்கிறது. சிலவற்றைச் சீனாவும் கலிபோர்னியாவும் ஐரோப்பாவும் முயன்றிருக்கின்றன. இவற்றுள் எதற்கு முதலிடம் தருவது என்பதே கேள்வி.

இந்த இடைவெளி ஏன் உண்டானது?

வழிகளை ஒப்பிடுவதற்கு முன், நிறுவனங்கள் இத்தகைய காரை ஏன் தாமாகச் செய்வதில்லை என்பதைப் புரிந்துகொள்ள வேண்டும். ப்ளூம்பெர்க் நியூ எனர்ஜி ஃபைனான்ஸ் என்ற ஆய்வு நிறுவனம் ஆண்டுதோறும் வெளியிடும் கணக்கெடுப்பின்படி, 2024இல் பேட்டரித் தொகுப்பின் உலகச் சராசரி விலை ஒரு கிலோவாட் மணிக்கு 115 டாலர். அப்படியானால் ஒரு காரில் 20 கிலோவாட் மணி கூடுதலாக வைக்க ஏறக்குறைய 2,300 டாலர், அதாவது இரண்டு லட்ச ரூபாய்க்குச் சற்றுக் குறைவாகச் செலவாகும். எட்டு லட்ச ரூபாய்க் காரில் இந்த இரண்டு லட்சம் விலையில் கால் பங்கு. இருபது லட்ச ரூபாய்க் காரில் அதுவே பத்தில் ஒரு பங்கு. சிறிய காரின் விலையைக் கால் பங்கு ஏற்றினால் வாங்குவோர் விலகிப் போவார்கள். பெரிய காரில் அதே தொகை இருக்கை உறையோடும் கண்ணாடிக் கூரையோடும் சேர்ந்து மறைந்துவிடும். இலாபமும் பெரிய காரில்தான் அதிகம். ஆகவே எந்த நிறுவனத்தின் கணக்காளரும் பெரிய பேட்டரியைப் பெரிய காருக்கே ஒதுக்குவார். இதில் யாருடைய தீய எண்ணமும் இல்லை. கணக்கு அப்படி அமைந்திருக்கிறது. அந்தக் கணக்கை மாற்றாத எந்தச் சலுகையும், அது எவ்வளவு பெரியதாக இருந்தாலும், நாம் கேட்கும் காரைக் கொண்டுவராது. பின்வரும் ஒவ்வொரு வழியையும் இந்த ஒரு சோதனையில் நிறுத்திப் பார்க்கலாம்.

வாங்குவோருக்கு மானியம்

முதலில் நினைவுக்கு வருவது இதுதான். மின்வாகனங்களை ஊக்குவிக்க மத்திய அரசு 2019 ஏப்ரலில் தொடங்கிய ஃபேம் இரண்டாம் கட்டத் திட்டத்துக்கு முதலில் 10,000 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. அதில் கார்களுக்கான மானியம் ஒரு கிலோவாட் மணிக்கு 10,000 ரூபாய் எனப் பேட்டரியின் அளவோடு கட்டப்பட்டிருந்தது. 15 லட்ச ரூபாய் என்ற விலை வரம்பும் இருந்தது. தூரத்தையும் விலையையும் ஒருசேரக் கணக்கில் எடுத்த அந்த அமைப்பு உண்மையில் நல்ல அமைப்பு. ஆனால் அது வாடகைக்கும் பொதுப் போக்குவரத்துக்கும் பயன்படும் கார்களுக்கு மட்டுமே கிடைத்தது. சொந்தப் பயன்பாட்டுக்கு வாங்குவோருக்கு இல்லை. அதன் பின் 2024 அக்டோபரில் வந்த பிஎம் இ-டிரைவ் திட்டம் 10,900 கோடி ரூபாயை இருசக்கர வாகனம், மூன்று சக்கர வாகனம், பேருந்து, லாரி, ஆம்புலன்ஸ், சார்ஜிங் நிலையம் ஆகியவற்றுக்கு ஒதுக்கியது. கார்களை முற்றிலும் விட்டுவிட்டது.

அதே மானியத்தை இப்போது சொந்தக் கார்களுக்கும் நீட்டித்தால் என்ன ஆகும்? 40 கிலோவாட் மணி பேட்டரிக்கு நான்கு லட்ச ரூபாய். நாட்டில் ஆண்டுக்கு விற்கும் ஏறக்குறைய 43 லட்சம் கார்களில் பத்து சதவீதம் இத்தகைய மின்கார் ஆனாலே ஆண்டுக்கு 17,000 கோடி ரூபாய்க்கு மேல் தேவைப்படும். ஐந்தாண்டுகள் நடந்த ஃபேம் இரண்டாம் கட்டத்தின் மொத்த ஒதுக்கீட்டைவிட இது அதிகம். அந்தப் பணம், கார் வாங்கும் நிலையில் இல்லாத, பேருந்திலும் ரயிலிலும் போகிறவர்கள் கொடுக்கும் வரியிலிருந்தும் வருகிறது. பேருந்து வாங்கக் காசில்லாத போக்குவரத்துக் கழகங்கள் உள்ள நாட்டில், நான்கு லட்சம் ரூபாயை ஒரு தனிக் குடும்பத்தின் காருக்குத் தருவதை நியாயப்படுத்த என்னால் இயலவில்லை.

மானியத்துக்கு இன்னொரு பலவீனமும் உண்டு. அது நிற்கும் நாளில் சந்தையும் சரிகிறது. ஜெர்மனி 2023 டிசம்பரில் மின்கார் மானியத்தைத் திடீரென நிறுத்தியது. 2024இல் அங்கே மின்கார் விற்பனை கால் பங்குக்கு மேல் குறைந்தது. அடுத்த பட்ஜெட்டில் இருக்குமோ இருக்காதோ என்ற சலுகையை நம்பி, மூன்று நான்கு ஆண்டுகள் எடுக்கும் புதிய கார் வடிவமைப்பில் எந்த நிறுவனமும் முதலீடு செய்யாது.

மானியம் எப்படி அளக்கப்படுகிறது என்பதும் முக்கியம். அமெரிக்காவின் பழைய வரிச் சலுகையில் பேட்டரியின் அளவைப் பொறுத்துத் தொகை ஏறும். ஆனால் 16 கிலோவாட் மணியிலேயே 7,500 டாலர் என்ற உச்சத்தைத் தொட்டுவிடும். அதற்கு மேல் எவ்வளவு பேட்டரி வைத்தாலும் ஒரு டாலர் கூடாது. 24 கிலோவாட் மணி கொண்ட நிசான் லீஃபுக்கும், அதைப் போல மூன்று மடங்குக்கு மேல் பேட்டரி கொண்ட விலையுயர்ந்த டெஸ்லாவுக்கும் ஒரே தொகை. சலுகையைக் கொடுத்தவர்கள் தூரத்தை ஊக்குவிப்பதாக நினைத்திருக்கலாம். விதி அதை ஊக்குவிக்கவில்லை.

இதற்கு மாறாகச் சீனா தன் மானியத்தில் தூரத்துக்கான வாசற்படியை ஆண்டுதோறும் உயர்த்திக்கொண்டே போனது. 2018இல் 150 கிலோமீட்டருக்குக் குறைவாக ஓடும் காருக்கு மானியம் இல்லை. 2019இல் அது 250 ஆனது. 2020இல் 300 ஆனதோடு, மூன்று லட்சம் யுவானுக்கு மேல் விலையுள்ள கார்களுக்கும் மானியம் நின்றது. மானியத்தின் அளவு குறைந்துகொண்டே வந்தபோதும் நிறுவனங்கள் தூரத்தைக் கூட்டிக்கொண்டே வந்தன. 2022 இறுதியில் மத்திய அரசின் மானியம் முற்றிலும் நின்றது. மானியம் என்ற வழியில் போனால் இப்படித்தான் போக வேண்டும். ஆனால் சீன அரசு அதற்குச் செலவிட்ட பணமும் காலமும் நம்மிடம் இல்லை.

வரி, ஊக்கத்தொகை, இறக்குமதி

இந்தியாவில் இப்போது நடைமுறையில் இருக்கும் சலுகைகளைக் கூர்ந்து பார்த்தால் ஒரு விந்தை தெரிகிறது. அவை ஒவ்வொன்றும், யாரும் அப்படித் திட்டமிடாமலேயே, பெரிய காரின் பக்கமே சாய்கின்றன.

சரக்கு மற்றும் சேவை வரியை எடுத்துக்கொள்வோம். 2019 ஆகஸ்ட் முதல் மின்கார்களுக்கு 5 சதவீதம் மட்டுமே. சிறிய பெட்ரோல் காருக்கு அப்போது மேல்வரியோடு 29 சதவீதம் இருந்தது. ஆக இடைவெளி 24 சதவீதப் புள்ளிகள். 2025 செப்டம்பர் 22 முதல் சிறிய கார்களின் வரி 18 சதவீதமாகக் குறைந்ததால் இடைவெளி 13 புள்ளிகளாகச் சுருங்கிவிட்டது. பெரிய கார்களுக்கு முன்பு 45 முதல் 50 சதவீதம் வரை இருந்த வரி இப்போது 40 சதவீதம். மின்காரோடு உள்ள இடைவெளி 35 புள்ளிகள். அதாவது பெரிய காரில் மின்சாரத்துக்கு மாறினால் கிடைக்கும் வரிப் பயன், சிறிய காரில் கிடைப்பதைவிட இரண்டரை மடங்குக்கு மேல். சிறிய பெட்ரோல் காரின் விலை குறைந்தது சாமானியக் குடும்பங்களுக்கு நல்ல செய்திதான். அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் சிறிய மின்காரைத் திட்டமிட்டுக்கொண்டிருந்த நிறுவனத்துக்கு அதன் விளைவு என்ன என்பதையும் சொல்லியாக வேண்டும்.

அடுத்தது 2021இல் அறிவிக்கப்பட்ட, 25,938 கோடி ரூபாய் மதிப்புள்ள, வாகனத் துறைக்கான உற்பத்தி சார்ந்த ஊக்கத்தொகைத் திட்டம். குறைந்தது 50 சதவீத உள்நாட்டு மதிப்புக் கூட்டல் வேண்டும் என்ற அதன் நிபந்தனை மிகவும் பயனுள்ளது. உதிரிபாகத் தொழில் இங்கே வேர்விட அதுவே வழி. ஆனால் கார் நிறுவனங்களுக்கான தொகை விற்பனை மதிப்பில் 13 முதல் 18 சதவீதம் என்று வைக்கப்பட்டிருக்கிறது. எட்டு லட்ச ரூபாய்க் காரை விற்றால் ஒரு லட்சத்துச் சொச்சம்; இருபது லட்ச ரூபாய்க் காரை விற்றால் இரண்டரை லட்சத்துக்கு மேல். சிறிய காரில் பெரிய பேட்டரி வைக்கும் சிரமத்தை ஏற்கும் நிறுவனத்துக்கு இத்திட்டம் தனியாக எதையும் தருவதில்லை. அதே 2021இல் வந்த, 50 கிகாவாட் மணி பேட்டரி செல் உற்பத்தித் திறனை இலக்காகக் கொண்ட 18,100 கோடி ரூபாய்த் திட்டம் நீண்டகாலத்துக்கு இன்றியமையாதது. செல்களுக்கு இறக்குமதியை நம்பியிருக்கும் வரை பேட்டரியின் விலை நம் கையில் இல்லை. எனினும் அது விலையைக் குறைக்கும் வழியே தவிர, குறைந்த விலையை எந்தக் காருக்குப் பயன்படுத்துவது என்பதை அது தீர்மானிப்பதில்லை.

இறக்குமதி வரிக் குறைப்பைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 2024 மார்ச்சில் அறிவிக்கப்பட்ட திட்டம், 4,150 கோடி ரூபாய் முதலீடு செய்ய முன்வரும் நிறுவனம் ஆண்டுக்கு 8,000 கார்கள் வரை 15 சதவீத வரியில் இறக்குமதி செய்யலாம் என்கிறது. ஆனால் அந்தக் காரின் மதிப்பு 35,000 டாலருக்குக் குறையக் கூடாது. எட்டும் விலையிலுள்ள காரை அது வாசலிலேயே நிறுத்திவிடுகிறது. உள்நாட்டுத் தொழிலைக் காக்க அந்த வரம்பு தேவை என்பதை ஏற்கிறேன். நம் கேள்விக்கு மட்டும் அது விடையாகாது.

பேட்டரி வாடகையும் சார்ஜிங் நிலையங்களும்

2024 செப்டம்பரில் வந்த எம்ஜி விண்ட்சர், பேட்டரியை விலையிலிருந்து பிரித்தது. பேட்டரி இல்லாமல் 9.99 லட்சம், அத்துடன் ஓடும் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் 3.50 ரூபாய், பேட்டரியோடு சேர்த்து வாங்கினால் 13.50 லட்சம். இடையிலுள்ள மூன்றரை லட்சம், ஒரு லட்சம் கிலோமீட்டர் ஓடினால் வாடகையாகவே போய்விடும். மாதம் 500 கிலோமீட்டர் ஓட்டுபவருக்கு இது நல்ல ஏற்பாடு. நிறைய ஓட்டுபவருக்கு, அதாவது நெடுந்தூரக் கார் உண்மையிலேயே தேவைப்படுபவருக்கு, இது விலைக் குறைப்பு அல்ல, தவணை மாற்றம்.

பேட்டரியைப் பெரிதாக்குவதற்குப் பதில் சார்ஜிங் நிலையங்களைப் பெருக்கினால் போதாதா என்று கேட்பவர்களின் வாதத்தில் வலு இருக்கிறது. காரில் வைத்த கூடுதல் பேட்டரியை ஒருவர் ஆண்டு முழுவதும் சுமந்து திரிகிறார். சாலையோர சார்ஜரை ஆயிரம் பேர் பகிர்ந்துகொள்கிறார்கள். பொதுப்பணத்தைப் பொறுத்தவரை சார்ஜரே சிக்கனம். பிஎம் இ-டிரைவ் திட்டம் அதற்காக 2,000 கோடி ரூபாயை ஒதுக்கியதும் சரியே. ஆனால் சிறிய மின்கார்கள் வேகமான சார்ஜரில் போட்டாலும் மெதுவாகவே மின்சாரத்தை ஏற்கின்றன. டியாகோ போன்ற ஒரு காரைப் பத்து சதவீதத்திலிருந்து எண்பது சதவீதத்துக்கு ஏற்ற ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆகும். 330 கிலோமீட்டர் பயணத்தில் இருமுறை அப்படி நிற்பதும், பண்டிகைக் காலத்தில் முன்னால் வேறு கார்கள் காத்திருப்பதும் குழந்தைகளோடு போகும் குடும்பத்துக்குச் சிறிய தொல்லை அல்ல. ஆகவே சார்ஜர் கட்டாயம் வேண்டும். அது போதும் என்று சொல்ல முடியாது. தவிர, வேகமாக சார்ஜ் ஏற்கும் சிறிய காரைத் தயாரிப்பதும் நிறுவனத்தின் கையில்தான் இருக்கிறது.

அரசே மொத்தமாக வாங்குவது

எனக்கு மிகவும் நம்பிக்கை அளிக்கும் துணை வழி இது. ஒரு நல்ல முன்மாதிரியும் நம்மிடமே உண்டு. எல்இடி பல்பு ஒன்றின் கொள்முதல் விலை 2014இல் 310 ரூபாயாக இருந்தது. ஈஇஎஸ்எல் என்ற மத்திய அரசு நிறுவனம் கோடிக்கணக்கில் டெண்டர் விட்டு வாங்கத் தொடங்கியதும், இரண்டே ஆண்டுகளில் அது 38 ரூபாய்க்கு இறங்கியது. தயாரிப்பவருக்கு உறுதியான எண்ணிக்கை தெரிந்தால் ஆலையை விரிவாக்கத் தயங்க மாட்டார் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

அதே நிறுவனம் 2017இல் 10,000 மின்கார்களுக்கு டெண்டர் விட்டது. டாடாவின் டிகோர் 10.16 லட்ச ரூபாய் அடிப்படை விலைக்கு வென்றது. மஹிந்திராவும் பங்கு பெற்றது. பல்பில் நடந்தது காரில் நடக்கவில்லை. டெண்டரில் கேட்கப்பட்ட தூரமே 130 கிலோமீட்டர் அளவில் இருந்தது, கிடைத்ததும் அதுவே. நகருக்குள்ளேயே அலுவலர்கள் தூரம் போதவில்லை என்று குறை கூறினார்கள்; வாங்கும் வேகம் தளர்ந்தது; பத்தாயிரம் என்ற எண்ணிக்கை எட்டப்படவில்லை. மொத்தக் கொள்முதல் என்ற வழி தவறானது என்று இதிலிருந்து முடிவு செய்வது சரியாகாது. டெண்டரில் எழுதியதைத்தான் நிறுவனங்கள் தயாரிக்கின்றன. 130 என்று எழுதினால் 130 வரும், 300 என்று எழுதினால் 300 வரும்.

இன்று சூழ்நிலை அப்போதைவிடச் சாதகமானது. 15 ஆண்டுகள் கடந்த அரசு வாகனங்களின் பதிவு 2023 ஏப்ரல் 1 முதல் புதுப்பிக்கப்படுவதில்லை. மத்திய, மாநில அரசுத் துறைகள் எப்படியும் புதிய வாகனங்கள் வாங்கியாக வேண்டும். அவற்றை ஒவ்வொரு துறையும் தனித்தனியே வாங்காமல், ஒரே டெண்டரில், ஒரே தர வரையறையில், மூன்று ஆண்டுகளுக்கான எண்ணிக்கையை முன்கூட்டியே உறுதி செய்து வாங்கலாம். இதன் எல்லை என்ன என்றால், அரசு வாங்கும் கார்கள் மொத்தச் சந்தையில் சிறு பங்கே. ஒரு புதிய மாடலைத் தொடங்கிவைக்க அது போதும்; சந்தை முழுவதையும் திருப்ப அது போதாது.

புகை வரம்பு: செலவில்லாத, ஆனால் சரியாக எழுதப்படாத விதி

கஃபே எனப்படும் விதிமுறை, ஒரு நிறுவனம் ஓராண்டில் விற்கும் எல்லாக் கார்களின் சராசரி கார்பன் வெளியேற்றத்துக்கு வரம்பு விதிக்கிறது. 2022-23 முதல் நடப்பிலுள்ள இரண்டாம் கட்டத்தில் இந்த வரம்பு கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 113 கிராம். நிறுவனத்தின் கார்களுடைய சராசரி எடையைப் பொறுத்து இது மாறும். மின்கார் ஒன்றின் வெளியேற்றம் பூஜ்யம் என்று வைத்துக்கொள்வதோடு, சராசரி எடுக்கும்போது அந்த ஒரு காரை மூன்று கார்களாக எண்ணவும் விதி அனுமதிக்கிறது. 2022ஆம் ஆண்டின் எரிசக்திச் சேமிப்புத் திருத்தச் சட்டம், வரம்பை மீறும் நிறுவனத்துக்கு விற்ற ஒவ்வொரு காருக்கும் மீறலின் அளவைப் பொறுத்து 25,000 அல்லது 50,000 ரூபாய் அபராதம் என்கிறது.

இதன் வலிமையை ஓர் எளிய கணக்கால் உணரலாம். ஒரு நிறுவனம் நூறு கார்கள் விற்கிறது. அவை எல்லாம் 120 கிராம் வெளியேற்றும் பெட்ரோல் கார்கள் என்றால் அது வரம்பை மீறுகிறது. அபராதம் 50 லட்ச ரூபாய். அதில் மூன்றை மட்டும் மின்காராக மாற்றினால், அந்த மூன்றும் ஒன்பதாக எண்ணப்பட்டு, சராசரி 110 கிராமுக்கு இறங்கிவிடுகிறது; அபராதம் இல்லை. ஒவ்வொரு மின்காரும் அந்த நிறுவனத்துக்குப் பதினாறு லட்ச ரூபாய்க்கு மேல் மிச்சப்படுத்துகிறது. எந்த நிதியமைச்சராலும் இவ்வளவு பெரிய மானியம் தர இயலாது. இங்கே கஜானாவிலிருந்து ஒரு ரூபாயும் போவதில்லை.

ஆனால் அதே கணக்கே விதியின் குறையையும் காட்டுகிறது. அந்த மூன்று மின்கார்களும் 150 கிலோமீட்டர் ஓடுபவையா, 400 கிலோமீட்டர் ஓடுபவையா, விலை எட்டு லட்சமா, அறுபது லட்சமா என்று விதி கேட்பதில்லை. எல்லாமே மூன்றுதான். ஆகவே நிறுவனங்கள் தமக்கு வசதியான மின்காரைச் செய்து, வரம்பை நிறைவேற்றிவிட்டு நின்றுவிடலாம். கலிபோர்னியாவில் இதுவே நடந்தது. 1990இல் அம்மாநிலம், 1998ஆம் ஆண்டு விற்கும் கார்களில் இரண்டு சதவீதம் புகையற்றவையாக இருக்க வேண்டும் என்று விதித்தது. நிறுவனங்களின் எதிர்ப்பால் 1996இல் அதைத் தளர்த்தியது. பின்னாளில் விதி இறுகியபோது, விதியைத் தீர்க்க மட்டுமே சில கார்கள் வந்தன. ஃபியட் கிரைஸ்லரின் தலைவராயிருந்த செர்ஜியோ மார்க்கியோனி 2014இல் தம் நிறுவனத்தின் சிறிய மின்காரைப் பற்றி, ஒவ்வொன்றிலும் 14,000 டாலர் நட்டம், தயவுசெய்து வாங்காதீர்கள் என்ற பொருளில் வெளிப்படையாகவே பேசினார்.

சீனா தன் விதியை வேறு விதமாக எழுதியது. 2018இல் நடைமுறைக்கு வந்த இரட்டைப் புள்ளி முறையில், ஒவ்வொரு நிறுவனமும் தன் உற்பத்திக்கு ஏற்ப 2019இல் 10 சதவீதம், 2020இல் 12 சதவீதம் புள்ளிகள் பெற வேண்டும்; இல்லாவிட்டால் மற்ற நிறுவனத்திடம் வாங்க வேண்டும். ஒரு மின்காருக்கு எத்தனை புள்ளி என்பதைத் தூரம் தீர்மானித்தது. அன்றைய சூத்திரப்படி 120 கிலோமீட்டர் ஓடும் காருக்கு 2.24 புள்ளி, 300 கிலோமீட்டர் ஓடும் காருக்கு 4.4. இம்முறை உடனே வெற்றி பெற்றது என்று சொல்ல முடியாது. 2020இல் வந்த வூலிங் ஹொங்குவாங் மினி, 28,800 யுவான் விலையில் 120 கிலோமீட்டர் மட்டுமே ஓடியும் அமோகமாக விற்றது. குறைந்த தூரக் காருக்கும் ஓரளவு புள்ளி கிடைத்ததால் அதில் இலாபம் இருந்தது. ஆனால் 2023 ஏப்ரலில் பிஒய்டி நிறுவனம் சீகல் காரை 73,800 யுவானுக்கு, அன்றைய மதிப்பில் ஒன்பது லட்ச ரூபாய்க்கும் குறைவாக, அறிமுகப்படுத்தியபோது அதன் சிறிய பேட்டரியே 30 கிலோவாட் மணி. சீனச் சோதனை முறையில் 305 கிலோமீட்டர். பெரிய பேட்டரி 38.88 கிலோவாட் மணி, 405 கிலோமீட்டர். சீனச் சோதனையும் தாராளமானதுதான் என்றாலும், நாம் தேடும் காருக்கு மிக அருகில் நிற்பது இதுவே. சொந்தமாகப் பேட்டரி செய்யும் வல்லமை, பத்தாண்டு மானியம், கடும் போட்டி ஆகிய எல்லாம் சேர்ந்தே அந்த விலையைச் சாத்தியமாக்கின. புள்ளி முறை மட்டுமே காரணம் அல்ல. ஆனாலும் சிறிய காரில் தூரத்தைக் கூட்டுவதற்கு அங்கே ஒரு பரிசு இருந்தது. இங்கே இல்லை.

புள்ளிகளை விற்க அனுமதிப்பதன் வலிமைக்கு டெஸ்லாவே சான்று. 2020இல் அதன் நிகர இலாபம் 72 கோடி டாலர். பிற நிறுவனங்களுக்குப் புள்ளிகள் விற்று அது பெற்றது 158 கோடி டாலர். அந்தப் பணம் இல்லாவிட்டால் அந்த ஆண்டு நட்டத்தில் முடிந்திருக்கும். ஆனால் டெஸ்லா அந்தப் பணத்தைக் கொண்டு மலிவான காரைச் செய்யவில்லை. விதி அதை விலையைப் பற்றிக் கேட்கவும் இல்லை. தூரத்தை மட்டும் பார்க்கும் புள்ளி, பெரிய பேட்டரியும் பெரிய விலையும் கொண்ட காரில் போய் முடியும். விலையை மட்டும் பார்க்கும் புள்ளி, பொம்மை போன்ற குறுந்தூரக் காரில் முடியும். இரண்டையும் ஒரே விதியில் வைத்தால்தான் நடுவிலுள்ள வெற்றிடம் நிரம்பும்.

ஆகவே என் தேர்வு இது. 2027 ஏப்ரலில் தொடங்கவிருக்கும் கஃபே மூன்றாம் கட்டத்தில் மின்காரை மூன்றாக எண்ணும் சலுகையைத் தூரத்தோடும் விலையோடும் கட்ட வேண்டும். மத்திய அரசின் எரிசக்தித் திறன் பணியகம் 2025 செப்டம்பரில் வெளியிட்ட வரைவும் எல்லா மின்கார்களையும் ஒரே மாதிரி மூன்றாகவே எண்ணியது. சிறிய பெட்ரோல் கார்களுக்கு மூன்று கிராம் தளர்வு தருவதைப் பற்றி நிறுவனங்களுக்கிடையே பெரிய சர்ச்சை எழுந்தது. சிறிய காரைக் காக்க வேண்டும் என்ற எண்ணம் சரியானது. அதைப் பெட்ரோல் காரின் வழியாகச் செய்வதைவிடச் சிறிய மின்காரின் வழியாகச் செய்வதே மேல். எடுத்துக்காட்டாக, உண்மைத் தூரம் 150 கிலோமீட்டருக்குக் குறைந்தால் ஒரு காரை ஒன்றாகவே எண்ணலாம். 300 கிலோமீட்டரைத் தொட்டு விலையும் பன்னிரண்டு லட்சத்துக்குள் இருந்தால் நான்காக எண்ணலாம். இருபது லட்சத்துக்கு மேல் விலையுள்ள காருக்கு, அது எவ்வளவு தூரம் ஓடினாலும், ஒன்றுக்கு மேல் தர வேண்டியதில்லை. அத்தகைய காரை வாங்குவோருக்கு ஏற்கெனவே 35 சதவீதப் புள்ளி வரி இடைவெளி இருக்கிறது.

இதை எழுதும்போது மூன்று இடங்களில் கவனம் தேவை. முதலாவது சோதனை முறை. நம் நாட்டு ஓட்டச் சோதனையில் உச்ச வேகம் மணிக்கு 90 கிலோமீட்டர். ஏப்ரல், மே மாத வெயிலில் ஏசி இழுக்கும் மின்சாரத்தை அது பிரதிபலிப்பதில்லை. புள்ளி தரும் தூரத்தை, ஏசியுடன், நெடுஞ்சாலை வேகத்தில் தனியாக அளந்து, அதையே ஷோரூமிலும் எழுதி வைக்கச் சொல்ல வேண்டும். இரண்டாவது விலை. தொடக்க விலையைக் குறைவாக அறிவித்துவிட்டு, அந்த வகையைப் பேருக்கு மட்டும் தயாரிப்பது இந்தத் துறையில் வழக்கமான உத்தி. ஆகவே அறிவிக்கப்பட்ட விலையைப் பார்க்காமல், அந்த மாடலில் ஓராண்டில் உண்மையில் விற்ற கார்களின் சராசரி விலையைப் பார்க்க வேண்டும். ஜிஎஸ்டி பில்களில் அந்த விவரம் ஏற்கெனவே அரசிடம் இருக்கிறது. மூன்றாவது எடை. பெரிய பேட்டரியைத் திணித்துத் தூரத்தைக் கூட்டுவது எளிது. ஒரு கிலோமீட்டருக்கு ஆகும் மின்சாரத்தைக் குறைத்துத் தூரத்தைக் கூட்டுவது கடினம், ஆனால் அதுவே சிறந்தது. மின்சாரத்தைச் சிக்கனமாகப் பயன்படுத்தும் காருக்குச் சிறு கூடுதல் புள்ளி தந்தால், அறிவுள்ள பொறியியலுக்கும் மதிப்புக் கிடைக்கும்.

இந்த வழிக்கும் ஆபத்துகள் உண்டு என்பதை மறைக்கக் கூடாது. விதியைத் தளர்த்தும்படி நெருக்கடி ஓயாது. ஐரோப்பிய ஒன்றியம் 2025க்கான வரம்பை மூன்றாண்டுச் சராசரியாக நிறைவேற்ற அனுமதித்துப் பின்வாங்கியது. கலிபோர்னியாவின் புதிய விதிக்கான அனுமதியை அமெரிக்கக் காங்கிரஸ் 2025இல் ரத்து செய்தது. அபராதம் சட்டத்தில் இருந்தும் வசூலாகாவிட்டால், மேலே போட்ட பதினாறு லட்சக் கணக்கு காகிதத்தோடு நின்றுவிடும். ஆயினும் மானியம் ஒவ்வொரு பட்ஜெட்டிலும் புதிதாகப் பிழைத்தாக வேண்டும். அறிவிக்கப்பட்ட வரம்போ, மாற்றப்படும் வரை தானாகவே நிற்கும். நிறுவனங்கள் பல ஆண்டுகளுக்கு முன்பே திட்டமிடும் தொழிலில் இந்த வேறுபாடு பெரியது.

புதிய விதியைப் பார்த்து வடிவமைக்கப்படும் முதல் கார் ஷோரூமுக்கு வர மூன்று நான்கு ஆண்டுகள் ஆகும். அந்த இடைக்காலத்துக்குத்தான் மொத்தக் கொள்முதல் வேண்டும்: 300 கிலோமீட்டர் உண்மைத் தூரம், பன்னிரண்டு லட்சத்துக்குள் விலை என்ற வரையறையோடு மத்திய, மாநிலத் துறைகள் சேர்ந்து விடும் ஒரே டெண்டர். சரக்கு மற்றும் சேவை வரி 5 சதவீதமாகவே நீடிக்கட்டும்; சார்ஜிங் நிலையங்களுக்கான நிதியும் தொடரட்டும். செல் உற்பத்திக்கான ஊக்கத்தொகையில் உள்ளதுபோல, விற்பனை மதிப்புக்குப் பதிலாகக் கிலோவாட் மணிக்கு இவ்வளவு என்று தரும் முறையைக் கார் நிறுவனங்களுக்கான திட்டத்துக்கும் கொண்டுவரலாம். அப்போது எட்டு லட்சக் காரில் வைக்கும் 40 கிலோவாட் மணிக்கும் இருபது லட்சக் காரில் வைக்கும் 40 கிலோவாட் மணிக்கும் ஒரே தொகை கிடைக்கும். சொந்தக் காருக்கான நேரடி மானியத்தை மட்டும் மீண்டும் தொடங்க வேண்டாம்; அந்தப் பணம் பேருந்துகளுக்குப் போகட்டும்.